மூன்று நிற அட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

மனித உரிமை நாளையொட்டித் தாங்கள் எழுதிய தலையங்கம், நம் மியான்மரின் நாடற்றோர் சிக்கலை ரக்கைன் மாநில முகாம்களோடு நிறுத்திக்கொண்டது. அங்குள்ள ரோஹிங்கியா முஸ்லிம் மக்கள் படும் துயரம் கொடியது, அதில் மறுப்பே இல்லை. ஆனால் சிக்கலின் வேர் 1982 குடியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 1823க்கு முன் இங்கே வாழ்ந்த இனத்தாருக்கு முழுக் குடியுரிமை. பிறருக்கு அதைவிடக் குறைந்த படிகளில் குடியுரிமை. இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று குடியுரிமை அட்டையின் நிறமே ஆளைத் தரம் பிரிக்கிறது. குடியுரிமை எல்லோருக்கும் உண்டு என்று சொல்லும் உலக மனித உரிமைப் பிரகடனத்தை 1948இல் ஆதரித்து வாக்களித்த நாடுதான் இது!

எங்கள் தமிழ்க் குடும்பம் தாத்தா காலத்திலிருந்து இங்கே மோல்மீன் நகரில் இருக்கிறது. மகளுக்கு அட்டை கேட்டுப் போனால், தாத்தாவின் காகிதத்தைக் கொண்டு வரச் சொல்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் வந்த காலத்தில் வீட்டைப் போட்டுவிட்டு ஓடியவரிடம் எந்தக் காகிதம் மிஞ்சும்? சரி, இன்றைய நிலையில் சட்டம் உடனே திருந்தாது. அதுவரை கோயில் சங்கங்கள் தங்களிடமுள்ள பழைய திருமணப் பதிவேடுகளைத் தேடியெடுத்து, கேட்பவர்களுக்கு நகல் தரலாம். அப்புறம், விண்ணப்ப விதிகளைத் தங்கள் இதழ் தமிழில் வெளியிட்டால் பலருக்கும் உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மோல்மீன்