துணி டயப்பர்: சலவைக் குறிப்பின் குறையும் பழுதான உறைகளும் குறித்த புகார்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
தேவிபட்டினம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தங்கள் ஆலோசனையால் பழுதான ஆறு டயப்பர் உறைகளை மாற்றித் தரக் கோருதல்.

ஐயா,

என் ஐந்து மாதப் பெண் குழந்தைக்காகத் தங்களிடம் ஆறு டயப்பர் உறைகளும், ஈரத்தை உறிஞ்ச அவற்றினுள் வைக்கும் பன்னிரண்டு பருத்திப் பேட்களும் வாங்கி இரண்டு மாதங்கள் ஆகின்றன. உடன் வந்த சலவைக் குறிப்பில், பேட்களை முதலில் மூன்று முறை துவைத்துக் காயவைக்க வேண்டும், கட்டி சோப்பு போதும், துணி மென்மையாக்கும் திரவம் கூடாது என்று இருந்தது. மூன்றையும் வழுவாமல் கடைப்பிடித்தேன்.

மூன்றாவது வாரமே பேட்கள் ஈரத்தை வாங்க மறுத்தன. அவற்றின்மேல் கரண்டியால் ஊற்றிய தண்ணீர் சேம்பிலையில் நிற்பதுபோல் உருண்டு நின்றது. சிறுநீர் தொடை வழியே ஒழுகியது. துவைத்துக் காய்ந்த துணியிலும் அமோனியா நெடி போகவில்லை. குழந்தைக்குத் தொடையிடுக்கு சிவந்துவிட்டது.

எங்கள் வீட்டில் துவைப்பதற்கு இருப்பது போர் தண்ணீர். கடலோரத்து உப்புத் தண்ணீர் என்பதால் அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, காய்ந்த வாளியில் வெள்ளையாக உப்புப் படியும். குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் கூட்டுக் குடிநீரை நம்பியிருக்கிறோம். அது வராத நாளில் குடத்துக்கு விலை கொடுக்கிறோம். இப்படிச் சோப்பு நுரைக்காத கடினநீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் கட்டி சோப்புடன் சேர்ந்தால் கரையாத கசடாக மாறி நூலிழைகளை மூடிவிடும் என்பது பள்ளி வேதியியல் பாடத்திலேயே வருவது. அது துணி டயப்பர் விற்கும் நிறுவனத்தின் குறிப்பில் ஒரு வரியாகக்கூட இல்லாததே என் முதல் குறை.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. தங்கள் சேவைப் பிரிவுக்கு எழுதியபோது, உறை, பேட் அனைத்தையும் கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் போட்டெடுக்குமாறு வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. அப்படியே செய்தேன். உறையின் உட்புறத்தில் நீர் கசியாமல் தடுக்கும் பாலியூரித்தேன் படலம் ஆறு உறைகளிலும் கொப்புளமாகக் கிளம்பி உரிந்தது; கால் பகுதி எலாஸ்டிக்கும் தளர்ந்துவிட்டது. மாற்றித் தரக் கேட்டதற்கு, வெந்நீரால் ஏற்படும் சேதத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று மறுத்துவிட்டீர்கள். கொதிநீரில் போடச் சொன்னதும் தாங்களே, போட்டது தவறு என்று கைவிரிப்பதும் தாங்களே.

பேட்கள் தாமாகக் கெட்டவை அல்ல என்பதையும் சோதித்துப் பார்த்துவிட்டேன். விலைக்கு வாங்கிய இரண்டு குடம் நல்ல தண்ணீரில் சலவை சோடாவும் சலவைத் தூளும் கரைத்து, நான்கு பேட்களை இரவு முழுவதும் ஊறவைத்து, நுரை அடங்கும்வரை அலசினேன். ஊறிய நீர் கலங்கிப் பால்போல் ஆனது. கச்சான் காற்றில் காய்ந்த அந்த நான்கும் இப்போது ஈரத்தை உடனே உறிஞ்சுகின்றன. ஆகவே பேட்களுக்கு நான் ஈடு கேட்கவில்லை. பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினால் இந்தத் தொல்லையே இல்லை என்று என் மாமியார் முதல் நாளே சொன்னார்; அவருக்குப் பதில் சொல்லும் நிலையில் நான் இப்போது இல்லை.

எனவே ஆறு உறைகளையும் மாற்றித் தரவும், இல்லையேல் அவற்றின் விலையைத் திருப்பித் தரவும் கோருகிறேன். போர் தண்ணீர் புழங்கும் வீடுகளுக்குக் கட்டி சோப்பு ஆகாது, சலவைத் தூளுடன் சலவை சோடா சேர்க்க வேண்டும், உறைகளைக் கொதிநீரில் இடக்கூடாது என்பவற்றைத் தங்கள் குறிப்பில் தமிழிலேயே அச்சிட வேண்டும்.

பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். சரியான பயன்பாட்டுக்குப் போதிய குறிப்பு தராமல் விளையும் தீங்குக்கு உற்பத்தியாளர் பொறுப்பு என்பதும் அச்சட்டத்தில் உள்ளது.

வாங்கிய ரசீது, தங்கள் வாட்ஸ்அப் பதிலின் நகல், உரிந்த உறைகளின் படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். உறைகளைத் துவைத்து எடுத்து வைத்திருக்கிறேன்; கேட்டால் அனுப்புகிறேன், அஞ்சல் செலவு தங்களுடையது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.