கை கொடுத்தவர்களுக்கும் கையைக் கட்டிக்கொண்டவர்களுக்கும் நன்றி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் வாழும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஆட்டிசம் உள்ள எங்கள் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. சென்ற மாதத்திலிருந்து அவன் தானே பல் துலக்கி, குளித்து, கால்சட்டை மாட்டிக்கொண்டு பள்ளி வண்டிக்கு வந்து நிற்கிறான்.

முதல் நன்றி, அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி அளித்த அம்மையாருக்கு. கால்சட்டை அணிவதைக் கடைசிப் படியிலிருந்து கற்றுக்கொடுக்கச் சொன்னவர் அவர்தான். முதலில் தொடைவரை நாங்கள் ஏற்றிவிட, இடுப்புக்கு இழுப்பது மட்டும் அவன் வேலையாக இருந்தது. அது படிந்த பின் முழங்காலிலிருந்தும், பிறகு பாதத்திலிருந்தும் அவனே இழுத்தான். எந்த நாளும் வேலையை முடித்தவன் அவனாகவே இருந்தான். ஒருமுறை சொன்னால், மறுபடி சொல்லுமுன் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும் என்பதும் அவர் வைத்த விதி. எனக்கு அதுதான் கடினமாக இருந்தது. தண்ணீரை அவர் மலையாளத்தில் 'வெள்ளம்' என்றும் நாங்கள் 'தண்ணீர்' என்றும் சொல்ல, பிள்ளை நடுவில் திகைத்து நின்றதைக் கண்டு, மலையாளியான அவர் தம் படஅட்டையையும் பேச்சையும் எங்கள் வீட்டுச் சொல்லுக்கு மாற்றிக்கொண்டார்.

வரைந்த படங்கள் அவனுக்குப் பிடிபடாததால், அவனுடைய பிரஷ், வாளி, துண்டு ஆகியவற்றையே படமெடுத்து, குளியலறைச் சுவருக்காக லேமினேட் செய்து தந்த ஸ்டுடியோ தம்பிக்கும், ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிச் செலவுக்கும் அதில் இடமுண்டு என்று சொல்லி, விண்ணப்பத்தையும் நிரப்பித் தந்த அங்கன்வாடி டீச்சருக்கும் நன்றி.

என் மாமியாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எட்டு ஆண்டுகள் ஊட்டிப் பழகிய அவர், பேரன் சோற்றைப் பாதி தரையில் சிந்திய நாட்களில், இரு கைகளையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு அரைமணி நேரம் எதிரில் அமர்ந்திருப்பார். "கை சும்மா இருக்க மாட்டேங்குது, அதான் கட்டி வெச்சிருக்கேன்" என்பார். பிள்ளையைப் பட்டினி போடுவதாக எங்களைப் பற்றிப் பேசியவர்களுக்கும் அவரே பதில் சொன்னார்.

கழுத்துப்பட்டையில் உறுத்திய லேபிளைத் தையல் பிரித்து எடுத்து, கால்சட்டையில் கொக்கிக்குப் பதில் எலாஸ்டிக் வைத்துத் தந்த தையற்கார அண்ணனுக்கும் நன்றி. சட்டையின் மேல் இரண்டு பொத்தான்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் அவனுக்கு இன்னும் வசப்படவில்லை. ஒட்டும் பட்டை வைத்துத் தரவா என்று அன்போடு கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம், அண்ணா, பொத்தானே இருக்கட்டும்.

இப்படிக்கு,
அவன் தாய்