புதுச்சேரி பூட்டிக் ஹோட்டல்காரர்களுக்கு: திண்ணையைத் திறந்து வையுங்கள்

புதுச்சேரி தமிழர் பகுதியில் பழைய வீடுகளை ஹோட்டலாக்கி நடத்தும் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். முதலில் நன்றி சொல்ல வேண்டும். 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. அரசாங்கக் கட்டடத்துக்கே அந்தக் கதி. நாலு அண்ணன் தம்பிகள் பாகம் கேட்டு நிற்கும் வீட்டை யார் காப்பாற்றப் போகிறார்கள்? நீங்கள் எடுத்து நடத்துவதால்தான் பல வீடுகளில் இன்னும் தேக்குத் தூணும் முற்றமும் இருக்கின்றன. அது சின்ன வேலை இல்லை, செலவும் கொஞ்சம் இல்லை.

இந்த மடல் திண்ணையைப் பற்றியது.

என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. சனிக்கிழமைதோறும் பெருமாள் கோயிலுக்கு நடந்தே போய்வருவார். முட்டி வலிக்கு வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஐந்து நிமிடம் உட்காருவது பல வருடப் பழக்கம். அந்த வீடு இப்போது ஹோட்டல். போன மாதம் நானும் கூடப் போனேன். திண்ணையின் குறுக்கே கயிறு கட்டி, நடுவில் பித்தளை உருளியில் பூ மிதக்கவிட்டிருந்தார்கள். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். காவலாளி தயங்கித் தயங்கி, "கெஸ்ட் மட்டும்தாம்மா" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாள் முழுக்க நிற்கும் அவருக்கும் அங்கே உட்கார இடமில்லை.

ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுத் தெருக்களைப் பாருங்கள். உயரமான மதில், பெரிய கதவு, உள்ளேதான் எல்லாம். மேற்கே நம் தெரு அப்படிக் கட்டப்படவில்லை. வாசலில் மரத்தூண் நிறுத்தி ஓடு வேய்ந்த தாழ்வாரம், தெருவில் போகிறவருக்கு நிழல். அதையொட்டித் திண்ணை, களைத்து வந்தவருக்கு இடம். பல வீடுகளில் மாடி மட்டும் பிரெஞ்சு பாணிக்கு மாறியது, வளைவும் மரச்சன்னலுமாக. கீழ்த்தளத்தை அப்போதும் யாரும் அடைக்கவில்லை. வைசியாள் வீதியைச் சீரமைத்ததற்கு 2008இல் யுனெஸ்கோ விருது வந்ததே, அங்கே போற்றப்பட்டது ஒரு வீடு மட்டுமில்லை, வரிசையாக நிற்கும் வீட்டு முகப்புகளும்தான். திண்ணையில் கயிறு கட்டினால் அந்த வீட்டு முன்னால் ஒரு மதில் எழும்பிவிடுகிறது.

கல்யாணம், பிறந்தநாள் என்று முற்றத்தை வாடகைக்கு விடுகிறீர்கள். விடுங்கள், முற்றம் கல்யாணம் பார்த்த இடம்தான். ஆனால் இங்கே பல வீடுகளுக்குப் பக்கச்சுவர் பொது. உங்கள் ஸ்பீக்கர் அதிர்ந்தால் பக்கத்து வீட்டுத் தொட்டிலும் அதிரும். இரவு 10 மணிக்கு மேல் திறந்த இடத்தில் ஒலிபெருக்கியோ இசைக்கருவியோ கூடாது என்று விதியே இருக்கிறது. பத்து மணிக்குள் நாதஸ்வரமோ வீணையோ மைக் இல்லாமல் வேண்டுமென்றால் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். அநேகமாகச் சரி என்பார்கள்.

நான் கேட்பது இதுதான்: கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், உருளியை உள்ளே முற்றத்தில் வையுங்கள், அந்த இடத்தில் ஒரு பானைத் தண்ணீரும் டம்ளரும் இருக்கட்டும். ராத்திரி பூட்ட வேண்டுமா, உள்கதவைப் பூட்டுங்கள். வெளியூரிலிருந்து உங்களிடம் தங்க வருகிறவர்களும் அங்கே வந்து உட்காரட்டும். பூக்காரம்மாவோடு, தபால்காரரோடு பேசிக்கொண்டிருக்கட்டும்.

வரும் சனிக்கிழமையும் அம்மா அந்த வழியாகத்தான் கோயிலுக்குப் போவார்.

அன்புடன்,
உங்கள் தெருக்காரர் ஒருவர்