விபரக்கொத்து சேர்வு இடாப்பிலிருந்து தொடங்கட்டும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டக் கல்லூரிகளின் அதிபர்களுக்கும் பழைய மாணவர் சங்க நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

பழைய மாணவர்களுக்கான இணைய விபரக்கொத்தைத் தொடங்க எண்ணும் எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவாக ஒரு வேண்டுகோளை இம்மடலில் முன்வைக்கிறேன். படிவமொன்றை இணையத்தில் இட்டு, அதை நிரப்புவோரை மட்டும் சேர்க்கும் முறையைக் கைவிட்டு, மாணவர் கல்லூரியில் சேரும்போது அவர்களின் பெயர் பதியப்படும் ஏடான சேர்வு இடாப்பை அடிப்படையாகக் கொண்டு பெயர்களைப் பதியுங்கள்.

படிவத்தை நிரப்புவோர் பெரும்பாலும் ஏற்கெனவே ஒருவரோடொருவர் தொடர்பில் இருப்பவர்களே. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ கொழும்பிலோ கிளைச் சங்கம் நடத்துவோரும், வட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் காலை வணக்கம் சொல்வோரும் விபரக்கொத்து இல்லாமலே ஒருவரையொருவர் கண்டுகொள்வார்கள். நாம் தேடுகின்றவர்கள் வேறு ஆட்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது புத்தகப் பையோடு இடம்பெயர்ந்து, பிறகு அந்த வகுப்பறைக்குத் திரும்பாமலே போனவர்கள் உயர்தரப் பெறுபேற்றுப் பட்டியல் எதிலும் இல்லை. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தி வயலுக்கோ வாவிக்கோ மத்திய கிழக்குக்கோ போனவர்களும் இல்லை. ஆனால் சேர்வு இடாப்பில் அவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். மருத்துவரான மாணவருக்கும் எட்டாம் வகுப்போடு விலகியவருக்கும் அங்கே ஒரே அளவு வரிதான். விடுகைப் பத்திரம் எழுதுவதற்கு இன்றும் நீங்கள் புரட்டுகின்ற ஏடு அது.

1978 நவம்பர் 23 சூறாவளியையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட கரை இது என்பதால், ஏடுகள் எல்லாக் கல்லூரிகளிலும் முழுமையாக மிஞ்சியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அப்படிப்பட்ட இடங்களில் கல்லூரி மலர்களும், வகுப்புப் புகைப்படங்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் ஞாபகமும் ஓரளவு கைகொடுக்கும்.

பெயர்களைப் பதிவதில்தான் அதிக கவனம் வேண்டும். மேல்நாட்டு மென்பொருள்கள் கேட்கின்ற குடும்பப் பெயர் நம்மிற் பெரும்பாலோருக்குக் கிடையாது. தந்தையின் பெயரை முதலெழுத்தாக்கி வாழ்ந்த ஒருவர் சுவிற்சர்லாந்துக்கோ ஜேர்மனிக்கோ போனதும், கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராகிவிட, வேலைத்தலத்திலும் அயலிலும் அதுவே அவரது பெயராகிவிடுகிறது. வகுப்பில் நாம் கூப்பிட்ட பெயரைக் கொண்டு தேடினால் அவர் அகப்படமாட்டார். மணமான பின் முதலெழுத்தை மாற்றிக்கொண்ட பெண்களைத் தேடுவது இன்னும் கடினம். ஆங்கில எழுத்துக்கூட்டலோ ஆளுக்கொரு விதம். 'ஞான' என்று தொடங்கும் பெயரை ஒருவர் 'ஜி' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'என்' போட்டு எழுதுவார். ஆகவே இடாப்பில் உள்ள பெயர் தமிழெழுத்தில் முதலிலும், இப்போது வழங்கும் பெயர் இரண்டாவதாகவும் இருக்க, சேர்ந்த ஆண்டையும் வகுப்பையும் கொண்டு தேடவும் வழி வேண்டும். வகுப்பில் வழங்கிய பட்டப்பெயரையும் சேர்க்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் சிலர் நிச்சயம் சம்மதிக்கமாட்டார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. நமது கல்லூரிகள் பலவற்றில் ஒரு காலத்தில் தமிழ், முஸ்லிம் மாணவர்கள் ஒரே வாங்கில் இருந்து படித்தார்கள். 1990 இன் படுகொலைகளும் இடப்பெயர்வுகளும் அந்த வாங்குகளைப் பிரித்தன. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கல்முனையிலும் உள்ள அந்த முஸ்லிம் வகுப்புத் தோழர்கள் பழைய மாணவர் கூட்டங்களுக்கு வராதது அவர்களுக்கு விருப்பமில்லாததால் என்று நாமாகவே முடிவு செய்துகொண்டோம். அவர்களிற் பலருக்கு அழைப்பே போயிருக்காது என்பதே என் எண்ணம். இடாப்பில் அவர்களுடைய பெயர்களும் வரிசை மாறாமல் நம் பெயர்களுக்கு இடையில் இருக்கின்றன.

ஆயினும் இடாப்பில் உள்ள யாவற்றையும் இணையத்தில் இடலாகாது. பட்டியலில் பெயர் இருப்பதே ஆபத்தாயிருந்த ஆண்டுகளைக் கடந்து வந்தவர்கள் நாம். கண்டுபிடிக்கப்பட விரும்பாதிருக்க இங்கே பலருக்கு நியாயமான காரணம் உண்டு. பெயர், ஆண்டு, வகுப்பு என்ற மூன்றோடு, அவையும் பழைய மாணவராக உறுதிசெய்யப்பட்டவர்களின் பார்வைக்கு மட்டும் என்றவாறு, நிறுத்திக்கொள்வது நல்லது. பிறந்த திகதியும் தந்தையின் விலாசமும் ஏட்டோடு இருக்கட்டும். ஒருவரைத் தேடுகின்றவர் எழுதும் கடிதம் சங்கத்தின் வழியாக அவருக்குப் போய்ச் சேர, பதில் எழுதுவதோ விடுவதோ, பெயரையே நீக்கச் சொல்வதோ அவரது விருப்பமாக இருக்க வேண்டும். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் இதையே கேட்டிருப்பேன். நன்கொடை திரட்டுவதற்கு இந்த விபரக்கொத்தைப் பயன்படுத்துவதில்லை என்று நிர்வாகக் குழு எழுத்தில் அறிவித்தால், தயங்கி நிற்கும் பலர் முன்வருவார்கள்.

இறந்தவர்களைக் குடும்பத்தின் ஒப்புதலுடன் குறிப்பிடுங்கள். காணாமலாக்கப்பட்டவர்களின் பெயர்களுக்கு எதிரே எதுவும் எழுதவேண்டாம். அவர்களின் தாய்மார் இன்றும் விடை கேட்டு நிற்கையில், 'காலஞ்சென்றவர்' என்று எழுத எந்தச் சங்கத்துக்கும் உரிமை கிடையாது.

எல்லா ஏடுகளையும் ஒரே நேரத்தில் தட்டச்சுச் செய்ய ஆள்பலம் போதாது என்றால், 1975 முதல் 1990 வரை சேர்ந்தவர்களின் பக்கங்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அக்கையெழுத்துகளை வாசித்து இன்னார் என்று சொல்லக்கூடிய ஆசிரியர்கள் முதுமையில் இருக்கிறார்கள். ஏடு அதிபரின் அறையை விட்டு வெளியே போகாமல், அங்கேயே இருந்து பெயர்களைப் பதிவதற்கு என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் ஆயத்தமாக இருக்கிறோம். அதற்கான அனுமதியை அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
பழைய மாணவன் ஒருவன்,
கல்லடி, மட்டக்களப்பு.