டர்போ கம்ப்ரஸரின் அதிர்வுக் கோளாறும் தங்கள் சேவைப் பிரிவின் அலட்சியமும்: புகார்

பெறுநர்: தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். குன்னூரில் உள்ள எங்கள் இன்ஸ்டன்ட் டீ ஆலைக்குத் தாங்கள் வழங்கிய டர்போ கம்ப்ரஸர், அதிர்வு மிகுந்து தானாக நின்றுபோவதைத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ரோட்டார் என்னும் சுழலும் தண்டு நிமிடத்துக்கு 18,000 சுற்று, அதாவது 300 ஹெர்ட்ஸில் ஓடும்போது, பெரிய அதிர்வு 138 ஹெர்ட்ஸில் நிற்கிறது. சமநிலைக் குறை என்றால் அது 300-இல் அல்லவா தெரிய வேண்டும்? உரசல் என்றால் பெரும்பாலும் சரிபாதியான 150-இல் தெரியும். பைபாஸ் வால்வைத் திறந்து காற்றோட்டத்தைக் கூட்டியும் 138 அசையவில்லை என்பதால், காற்றோட்டம் குறைந்து தடுமாறும் ஸ்டாலும் அன்று. ஆனால் பேரிங் எண்ணெயை 38 டிகிரியிலிருந்து 46 டிகிரிக்குச் சூடாக்கியதும் அதிர்வு பாதிக்குக் கீழே இறங்கியது. மார்கழிக் காலைகளில் எண்ணெய் குளிர்ந்து தடித்திருக்கும்போதுதான் தொல்லை அதிகம். இது, பேரிங்கின் எண்ணெய்ப் படலமே தண்டைச் சுழற்றித் தள்ளும் ஆயில் வேர்ல் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? 1925-இலேயே நியூகிர்க், டெய்லர் என்னும் ஆய்வாளர்கள் விளக்கிவிட்ட செய்தி தங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று காட்டும் இந்த ஸ்பெக்ட்ரம் வரைபடங்களை நான் நீட்டியபோது, தாங்கள் அனுப்பிய சேவைப் பொறியாளர் அவற்றைக் கையில்கூட வாங்காமல், "டீத்தூள் செய்கிறவர்களுக்கு ஸ்பெக்ட்ரம் எதற்கு சார்?" என்று என் உதவியாளர்கள் முன்னிலையில் சிரித்தார். உறையின்மேல் கையடக்க மீட்டரை வைத்து மொத்த அளவு ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டு, ரோட்டாரைக் கோவைக்கு அனுப்பி பேலன்ஸ் செய்யச் சொன்னார். கொட்டும் மழையில் பர்லியார் வழியாக அதை இறக்கி, பேலன்ஸ் செய்து, மறுபடி மலையேற்றிப் பொருத்தினோம். முன்பே சிறிதாக இருந்த 300 ஹெர்ட்ஸ் அதிர்வு இன்னும் சிறிதானது, 138 அப்படியே நின்றது. போக்குவரத்துச் செலவையும் எங்கள் தலையில் கட்டினீர்கள்! ஆலை நின்ற நேரமெல்லாம் தொட்டியில் கெட்டுப்போன சாறு, ஒரு பருவத்தின் உழைப்பையே சாக்கடையில் கொட்டியதற்குச் சமம். அந்தப் பொறியாளரின் சிரிப்புக்கும் பில் போட்டிருக்கிறீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

தங்கள் நிறுவனத்தின்மேல் எங்களுக்கு இன்னும் மதிப்பு உண்டு. ஆகவே, ஸ்பெக்ட்ரம் படிக்கத் தெரிந்த ஒருவரை அனுப்பி, ரோட்டார் நிலைப்புக் கணக்கீட்டையும் பேரிங் இடைவெளி விவரங்களையும் தருமாறும், அவை எங்கள் கணிப்பை உறுதிசெய்தால் இப்போதுள்ள பேரிங்குக்குப் பதிலாக, சாய்ந்துகொடுக்கும் பட்டைகள் கொண்ட டில்டிங் பேட் பேரிங்கைத் தங்கள் செலவில் பொருத்தித் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இது முற்றி ரோட்டாரின் முதல் இயல்பு அதிர்வெண்ணில் பூட்டிக்கொண்டு ஆயில் விப் ஆகுமானால், பேரிங்கோடு சீல்களும் போகும். அந்தப் பொறுப்பு தங்களையே சேரும்.

இம்மாத இறுதிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், தாங்கள் கொடுத்துள்ள வங்கி உத்தரவாதத்தைப் பணமாக்கவும் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பவும் நிர்வாகம் அனுமதி அளித்துள்ளது. தயவுசெய்து அந்தப் பொறியாளரை மட்டும் மறுபடி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பொறியாளர்,
குன்னூர்.