அந்தப் பிள்ளைக்கு ரெண்டு வரி

கிறிஸ்துவுக்குள் அன்பான மகனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. ஸ்தோத்திரம். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. அக்கா பிள்ளைகளோடு வந்துவிட்டுப் போனாள். மற்றதெல்லாம் அப்புறம்.

நீ படிக்க வைக்கிற பிள்ளையின் கடிதம் இங்கே வந்திருக்கிறது. உன் விலாசத்துக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டதாம். பழைய விண்ணப்பத்தில் நம் வீட்டு முகவரி இருந்ததால் மிஷன் அலுவலகத்தில் இங்கே அனுப்பினார்கள். நீ வீடு மாறியது எங்களுக்கும் தெரியாது. சரி, அதை நான் இப்போது கேட்கவில்லை.

கோடு போட்ட தாளில் பென்சிலால் எழுதியிருக்கிறாள். ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாளாம், கணக்கில் மட்டும் மார்க் குறைவாம், ஓய்வுநாள் பள்ளியில் 23ஆம் சங்கீதத்தைப் பார்க்காமல் சொன்னாளாம். கடைசி வரியை அழித்து அழித்து எழுதியதில் தாளே மெலிந்துபோயிருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் ‘ஏன் எழுதவில்லை’ என்று இருந்திருக்கிறது. அதை அழித்துவிட்டு, ‘அண்ணா, என் மேல் கோபமா?’ என்று எழுதியிருக்கிறாள்.

அலுவலகத்துக்குப் போன் பண்ணினேன். பணம் மாதாமாதம் தவறாமல் வருகிறதாம். என் மகன் அப்படித்தான் என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். முதல் சம்பளத்தில் உனக்கென்று ஒன்றும் வாங்காமல், எங்களிடமும் சொல்லாமல் இதற்குக் கட்டினவனாயிற்றே. ஆனால் இந்த வருஷத்தோடு நிறுத்திக்கொள்வதாக நீ எழுதியிருப்பதையும் அவர்களே சொன்னார்கள். பிள்ளைக்கு அது இன்னும் தெரியாது. ரெண்டு வரி எழுதுப்பா.

போன தடவை நீயும் அப்பாவும் பேசினது எனக்கு உள்ளே கேட்டது. படிப்பைக் கொடுத்து ஜெபத்தை வாங்குகிறோம் என்றாய். அப்பா எழுந்து போய்விட்டார். நான் அதை விடாமல் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஜெபத்துக்கு வராத பிள்ளைக்கு ஃபீஸ் நிற்குமென்றால் அது தப்புதான், அதில் நான் உன் பக்கம். அதனால் அலுவலகத்தில் நேராகவே கேட்டேன். நிற்காது, அவள் பாட்டியின் சம்மதம் கேட்டுத்தான் வேதபாட வகுப்பிலும் சேர்த்தோம் என்றார்கள். அநாதை இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்றாயே, அதுவும் நிஜம்தான். வறுமையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபையே 2009இல் நெறிமுறை வகுத்திருக்கிறது. இவளை யாரும் பிரிக்கவில்லையே! பாட்டியோடு இருந்துகொண்டேதான் பள்ளிக்கூடம் போகிறாள். நீ கட்டுவது ஃபீஸ், சீருடை, நோட்டுப் புத்தகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து.

இவ்வளவு சின்னத் தொகையில் என்ன ஆகிவிடும் என்றும் கேட்டாய். ஓய்வுநாள் பள்ளியில் நான் பிராங்கே ஐயர் கதை சொன்னபோது முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் நீ. ஜெர்மனியில் ஹாலே ஊருக்குப் பக்கத்தில் போதகராக இருந்தவர். 1695இல் அவர் வீட்டு உண்டியலில் யாரோ 4 தாலர் 16 குரோஷன் (அந்தக் காலத்து ஜெர்மன் காசு) போட்டார்கள். அதை வைத்துப் புத்தகம் வாங்கி, கஷ்டப்பட்ட ஒரு மாணவனையே வாத்தியாராக அமர்த்தி, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அப்புறம் அநாதைப் பிள்ளைகளுக்கு விடுதியும் எழும்பியது. அந்த ஹாலேயில் படித்த சீகன்பால்கு ஐயர்தான் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து, பள்ளிக்கூடம் வைத்து, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். உண்டியலில் போட்டவர் பெயர்கூட நான் படித்ததில் இல்லை.

உனக்கும் அப்பாவுக்கும் வாதம் இருக்கட்டும். சபைக்குப் போகிறாயா இல்லையா என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டுமென்று ஒவ்வொரு தடவை போன் எடுக்கும்போதும் நினைக்கிறேன், வாய் வரமாட்டேன் என்கிறது. கேட்டால் அப்புறம் என் போனையும் எடுக்க மாட்டாயோ என்று பயம். ராத்திரி ஜெபத்தில் உன் பெயர் வரும்போது அப்பா சத்தம் இறங்கிவிடுகிறது. ஆனால் இதில் அந்தப் பிள்ளைக்கு என்ன பங்கு? அவள் செய்த குற்றம் என்ன? தாயும் தகப்பனும் போனபோதே, தன்னால்தானோ என்று யோசித்திருக்கும் சின்ன மனசு. நீயும் சொல்லாமல் போனால் அதையேதான் நினைப்பாள்.

நிறுத்துவதென்றால் அலுவலகத்தில் இன்னொரு தடவை பேசு. வருஷம் முடிவதற்குள் வேறு ஒருவரைத் தேட அவர்களுக்கு அவகாசம் வேண்டும். யாரும் கிடைக்காவிட்டால் நாங்கள் கட்டுகிறோம், அப்பாவும் சரி என்றுவிட்டார். அவளுக்கு எழுதும்போது கோபமில்லை என்பதை முதல் வரியிலேயே எழுது. பார்க்க வருவேன் என்று வாக்குக் கொடுக்காதே. உன் விலாசம் எழுத வேண்டாம், அலுவலகம் வழியாகவே அனுப்பு. உனக்கும் ஆறாம் வகுப்பில் கணக்கு வரவில்லை என்று சொல்லு, சந்தோஷப்படுவாள். வசனம் எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. உனக்கு வந்தால் எழுது.

அவள் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். உன் புது விலாசம் தெரியாததால் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். எனக்குப் பதில் மெதுவாகப் போடு, முதலில் அவளுக்கு எழுது.

அம்மா