தண்ணி வண்டில ஏறிப் போற ஆயிரம் ரூபா: ஊராட்சி தலைவர்களுக்கும் தனி அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம். தலைவர் இருக்கிற ஊருக்கு தலைவருக்கு, 2025 ஜனவரி 5ஓட பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் பாக்குற ஊருக்கு பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) சாருக்கு, ரெண்டு பேருக்கும் ஃபைல எடுத்து நீட்டுற கிளர்க் அண்ணனுக்கும் (ஊராட்சி செயலர்னு சொல்லணும், ஊர்ல யாரு சொல்றா) சேத்துத்தான் எழுதுறேன்.

நான் ராமநாதபுரம் பக்கம். எங்க அம்மா பால் கணக்கு நோட்டோட கடைசி பக்கத்துல தண்ணி கணக்கு எழுதும், குட்டியானைல வர்ற தண்ணிக்கு குடத்துக்கு ஒரு கோடு. குடம் 12 ரூபா, குடிக்க சமைக்க ஒரு நாளைக்கு மூணு குடம். போன மாசம் 90 கோடு, 1,080 ரூபா. மகளிர் உரிமைத் தொகைன்னு அம்மா அக்கவுண்ட்ல விழுறது 1,000 ரூபா, அது அப்படியே தண்ணி வண்டில ஏறிப் போயி, மேல 80 ரூபா முந்தானைல இருந்து அவுக்குது.

சிலிண்டர ஏத்துறது டெல்லி (2025 ஏப்ரல்ல ஒரே போடா 50 ரூபா), எண்ணெய் விலைய எவன் ஏத்துறான்னே தெரியல, அதுக்கெல்லாம் உங்க சட்டையப் புடிக்க மாட்டேன். ஆனா தண்ணி உங்க வேலை.

குழாய் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு, ஜல் ஜீவன்னு மத்திய அரசு குழாய் திட்டத்துல வீட்டுக்கு வீடு போட்டாச்சு, கணக்குப்படி தலைக்கு தினம் 55 லிட்டர் வரணும், எங்களுக்கு மூணு நாளைக்கு ஒருக்கா வருது. பாத்திரம் கழுவலாம், வாயில வைக்க முடியாது. அந்த உப்புத்தண்ணில பருப்பு போட்டா விசில் மேல விசில் வுட்டாலும் கல்லு மாதிரி கெடக்கும், அதுல கேஸும் சீக்கிரம் தீருது, ஆக தண்ணி சரியில்லன்னா சிலிண்டர் செலவும் சேந்து ஏறுது.

உப்ப எடுத்து குடிதண்ணி ஆக்குற ஆர்ஓ பிளாண்டும் போட்டாங்க. 5 ரூபா காயின் போட்டா 20 லிட்டர் கேன் நிறையும், ஊரே வரிசைல நின்னோம். எட்டு மாசம் ஓடுச்சு, மெம்பரேன் (உப்ப வடிகட்டுற சவ்வு) போச்சுன்னாங்க, மாத்த யாரும் வரல. இப்ப அந்த ஷெட்டுல எங்க பெரியப்பா ஆடு கட்டுறாரு, காயின் போடுற ஓட்டைல குளவி மண்கூடு கட்டிருக்கு. கட்டுறதுக்கு பில்லு இருக்கு, ஓட்டுறதுக்கு பணம் ஒதுக்கல, அம்புட்டுதான் கதை.

நான் கேக்குறது புதுசா ஒன்னு கட்டுங்கன்னு இல்ல. இருக்கறத ரிப்பேர் பண்ணி மகளிர் குழு கைல குடுங்க, வர்ற காயின தனி அக்கவுண்ட்ல போட்டு மெம்பரேனுக்கும் மோட்டாருக்கும் மட்டும் எடுக்கணும்னு தீர்மானம் போடுங்க. ஒரு நாளைக்கு நூறு கேன் போனாலே மாசம் 15,000 ரூபா. எங்க வீட்டுக்கு தினம் ரெண்டு கேன் போதும், மாசம் 300 ரூபாயோட முடிஞ்சிரும், 780 ரூபா மிச்சம். ரிப்பேருக்கு நிதி இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க, மத்திய அரசோட 15வது நிதிக்குழு ஊராட்சிக்கு குடுத்த பணத்துல 60 சதவீதம் குடிதண்ணிக்கும் சுகாதாரத்துக்கும்தான்னு ஒதுக்கியே வச்சாங்க.

மோட்டாருக்கு கரண்ட் பில்லு கட்டி மாளலன்னு நீங்க பொலம்புறதும் நியாயம்தான். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறைன்னு ஒரு ஊராட்சி, 2006ல பேங்க்ல லோன் போட்டு 350 கிலோவாட் காத்தாலையே வாங்கிருச்சு, மிஞ்சுன கரண்ட மின்வாரியத்துக்கு வித்தாங்க. எல்லா ஊருலயும் காத்தாலை ஆகாது, ஆனா அவங்களும் ஒரு கிராம ஊராட்சிதானே.

இன்னொன்னு, புளிய மரம். ரோட்டோரத்துல நிக்கிற மரம்லாம் வருசா வருசம் ஏலம் போகுது, வெளியூரு யாவாரி எடுத்து உலுக்கிட்டு போயிடுறாரு, எங்க வீட்டுப் பொம்பளைங்க அவருக்கே கூலிக்கு புளி உடைச்சு குடுத்துட்டு, ரசத்துக்கு கடைல போயி காசு குடுத்து புளி வாங்குறாங்க. டெபாசிட்ட கொறைச்சு ஊர்ல இருக்கற குழுவுக்கு முதல்ல கேளுங்க, ஊருக்கு விக்கிற விலையையும் அப்பவே பேசிக்கலாம். சந்தை குத்தகையும் இதே கதைதான், ஏலத்த நீங்க ஏத்துனா சுங்கம் ஏறும், கத்திரிக்காய் விலைல வந்து நிக்கும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருசத்துக்கு ஆறு கிராம சபை இருக்கு. அடுத்ததுல இந்த ரெண்டையும் தீர்மானமா வைங்க, நான் அம்மா நோட்டோட வரேன். கூட்டத்த மட்டும் பதினோரு மணிக்கு வைக்காதீங்க. தண்ணி வண்டி வர்ற நேரம் அது, பொம்பளைங்க ஒருத்தரும் வரமாட்டாங்க.